ஜன்னலில் ஒரு தோட்டா

கண்ணே,

உன் அப்பாவைப் புதைத்த பிறகு இந்த மலையில் தனியாக இருக்கப் பயந்து, டெல்பர்ட்டின் துப்பாக்கிக் கடையில் மலிவான ரிவால்வர் பார்த்தேன். அவன் வேறொன்றை எடுத்து நீட்டினான்.

"அது விலை கம்மி, ஆனா விசை கல்லு மாதிரி இருக்கும். இது துருப்பிடிக்கும், ஆனா வெடிக்காம ஏமாத்தாது, அக்கா."

துருப்பிடிப்பதையே வாங்கினேன்.

"எங்க வீட்டுக்காரரு, அடிக்கிற சுத்திக்கு நேரா இருக்கிற தோட்டாக் குழியக் காலியா விடுவாரே?" என்று கேட்டேன்.

"கீழ விழுந்தா வெடிக்கிற பழைய துப்பாக்கிக்குத்தான் அந்தப் பயம். இதுல அஞ்சையும் ரொப்புங்க," என்று சிரித்தான்.

நிரப்பினேன். காலையில் ஒரு தோட்டா, அப்பா அந்த மிச்சத் தோட்டாவை வழக்கமாக வைக்கும் ஜன்னல் விளிம்பில் நின்றது. கதவு பூட்டியபடியே இருந்தது. மறுபடி உள்ளே போட்டேன். மறுநாளும் அங்கேதான் நின்றது.

உன்னோடு டெக்ஸாஸுக்கு வந்துவிடச் சொல்கிறாய். நான் வரவில்லை. நேற்று அந்தத் தோட்டாவை நானே எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அது அசையாமல் இருந்தது. எப்போதும் ஜன்னலைப் பார்த்திருக்கும் அப்பாவின் நாற்காலி மட்டும் என் கட்டில் பக்கம் திரும்பியிருந்தது.

உன் அம்மா