சுரண்டி எடுத்த நிறங்கள்

பக்கத்து வீட்டில் வேலிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாசனை சமையலறை ஜன்னல் வழியாக வந்ததும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "இன்னுமாடி பயப்படற?"

தொண்ணூற்றாறாம் வருஷம். அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில், தோழிகளான நம் இருவருக்குமே வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருந்தோம். பொழுது போகாமல், இறந்துபோன ஓவியர் ஒருவரின் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்தோம். அவர் படம் வரைந்த அறையை அவர் விட்டுப்போனபடியே காப்பாற்ற வேண்டும். நீ போட்டோ எடுப்பாய், நான் பட்டியல் எழுதுவேன். வீட்டை இடிப்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்ய ஊர்க் கமிட்டி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் அது.

நாலு பேர் வருகிறார்கள் என்றால் எனக்குக் கை சும்மா இருக்குமா? வண்ணம் குழைக்கும் கண்ணாடிப் பலகையில் காய்ந்து கிடந்ததையெல்லாம் பிளேடால் சுரண்டி, டர்பன்டைன் விட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். உள்ளே வந்த நீ அப்படியே நின்றுவிட்டாய்.

"அடிப்பாவி! அது அவர் கடைசியா கலந்த கலர்டி!"

கேஸ் போடுவார்கள், கிரீன் கார்டு போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். "ட்யூப்ல பெயிண்ட் இருக்கு. உன் போட்டோவப் பார்த்து அதே மாதிரி வெச்சிடலாமா?" என்று கெஞ்சினேன். நீ குப்பைக்கூடையைக் கவிழ்த்து, அந்தப் பெயிண்ட் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உன் சாப்பாட்டு டப்பாவில் போட்டாய்.

"நாளைக்கு உண்மையச் சொல்லிடலாம். பயமா இருந்தா என் பின்னாடி நில்லு."

அப்படித்தான் நின்றேன். டப்பாவை நீட்டி, நாங்கள்தான் தெரியாமல் துடைத்துவிட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். நாங்கள்! உனக்கும்தானே கிரீன் கார்டு வரவில்லை? கமிட்டித் தலைவி டப்பாவுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, துணுக்குகள் நொறுங்காமல் அடியில் வைக்கப் பஞ்சு இருந்தால் கொண்டுவரச் சொன்னார். வீடு பிழைத்தது. அந்தத் துணுக்குகள் இன்றும் பலகைக்குப் பக்கத்தில், கண்ணாடி மூடிக்குள் இருக்கின்றன.

போன மாதம் உன்னைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பியபோது எல்லோரும் உன் தைரியத்தைப் பற்றிப் பேசினார்கள். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கமிட்டி வந்த அன்று காலை, குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். துடைத்தது நான் இல்லை, இவள்தான். உன் முதுகுக்குப் பின்னால் நின்றபோது அது என் தொண்டை வரை வந்திருந்தது. நீ முந்திக்கொண்டாய்.

அந்த வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம்.