திருவான்மியூரில் கழன்ற நட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளியில் உன் குடியிருப்பின் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன். உன் மகள் ஓர் அட்டைப் பெட்டியைக் கத்தியால் கிழித்தாள். உறைக்குள்ளிருந்து புது பிளாஸ்டிக்கும் எண்ணெயும் கலந்த வாடை வந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அதே தூணுக்குப் பக்கத்தில், அதே வாடைக்கு நடுவில்தான் நீயும் நானும் இதே பாகத்தை மாட்டும் வேலையைக் கெடுத்தோம்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன்னைக் கொண்டுபோனது வண்டி இல்லை என்பதை உன் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்; ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. இருந்தும் வண்டி என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடுகிறது. உன் பைக்கைத்தான் மகள் தரமணி அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறாள். இரண்டு வாரம் முன்பு அலுவலக வாசலில் மழைநீர் தேங்கிய இடத்தில் வண்டியோடு வலப்பக்கம் சாய்ந்தாள். காலில் கீறல் இல்லை. வண்டி விழுந்தால் தரையில் முதலில் படும்படி எஞ்சினுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஸ்லைடர் கட்டை அடியைத் தாங்கிப் பிளந்துவிட்டது.

அவள் புது ஜோடி வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அங்கிள், அப்பாவோட சேந்து மாட்னது நீங்கதானே. வந்து கூட நில்லுங்க, போதும்." பத்து நிமிடம் கழித்து உன் மனைவி பேசினார். "நீங்க சொன்னா கேப்பாண்ணே. வண்டியே வேணாம்னு சொல்லிடுங்க."

இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல்தான் படி இறங்கினேன்.

அந்தக் கட்டையை நீ தேர்ந்தெடுத்த விதத்தை அவளுக்குச் சொன்னேன். நம் பத்திரிகையின் புகைப்படக்காரனாக விபத்துச் செய்திக்குப் போகும்போதெல்லாம், காவல் நிலையத்தின் பின்புறம் அடுக்கியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே நீ குந்தி உட்கார்ந்து படமெடுப்பாய். அந்தப் படங்கள் பத்திரிகைக்கு அல்ல, உனக்கு. ஒருநாள் என்னையும் இழுத்துப்போய்க் காட்டினாய். ஒரு வண்டியில் காலைக் காக்க மாட்டிய லெக் கார்டு கம்பி உள்ளே மடங்கியிருந்தது. கால் வைக்கும் இடமே இல்லை. இன்னொன்றில் நீளமான ஸ்லைடர். விழுந்த வேகத்தில் அது கடப்பாரைபோல் நெம்பி, ஃபிரேமில் போல்ட் ஏறும் காதையே பிய்த்திருந்தது. மூன்றாவதில் குட்டையான, தடித்த பிளாஸ்டிக் கட்டை. அது பாதி தேய்ந்துபோயிருந்தது; எஞ்சின் மூடி முழுசாக இருந்தது. "இத்த எழுது ரிப்போர்ட்டரே," என்றாய். நான் எழுதவில்லை. அதில் செய்தி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

ராயப்பேட்டைக் கடைக்காரர் அலுமினியத்தில் செய்த நீள ஸ்லைடரைத்தான் விற்கப் பார்த்தார். "இன்னா சார், மாப்ள மோதரம் மாதிரி பளபளன்னு கீது, வேணான்றீங்க." உலோகம் தார்ச்சாலையில் கடிக்கும், வண்டியைத் தூக்கி எறியும், பிளாஸ்டிக் என்றால் வழுக்கிக்கொண்டு போகும் என்று நீ பொறுமையாக விளக்கினாய். கடைசியில், "விழப்போறவனுக்கு மோதரம் எதுக்கு நைனா, அந்தக் கருப்பு கட்டையக் குடு" என்றாய். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

பின்னால் உட்காருகிறவனுக்கு இதனால் என்ன பயன் என்று நான் கேட்டேன். ஒரு பயனும் இல்லை என்றாய். "வண்டியக் காக்கும், என் காலக் கொஞ்சம் காக்கும், உன்ன நான்தான் காக்கணும்," என்றாய். அதை அன்றைக்கு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாட்ட உட்கார்ந்தோம். எஞ்சினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் முன்பக்க போல்ட்டை உருவி, அந்தத் துளையில் நீள போல்ட்டைச் செருகி, இரண்டு முனையிலும் கட்டையை மாட்டி நட்டுப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். முட்டுக்கு ஏதாவது தேடப் போன நேரத்தில் என் போன் அடித்தது. பாலவாக்கத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு படகு திரும்பவில்லை. மற்ற பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். நான்தான் உன்னை அவசரப்படுத்தினேன். நீ முட்டு இல்லாமலே போல்ட்டை உருவினாய். எஞ்சின் ஒரு மயிரிழை இறங்கியது. துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. புது போல்ட் நுழையவில்லை. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினாய். போல்ட்டின் திருகு மரை நசுங்கியிருக்கும். நட்டு இறுகியதுபோல் ஸ்பேனரில் காட்டியது. உண்மையில் அது நசுங்கிய மரையில் சிக்கி நின்றது. "இன்னும் ஒரு தபா பாத்துக்கறேன்," என்றாய். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "போதும், கிளம்பு" என்றேன்.

அடையாறு பாலம் தாண்டியதும் என் வலது பாதத்தில் ஒரு நடுக்கம் தெரிந்தது. நீ தடித்த பூட்ஸ் போட்டிருந்தாய். எனக்கு மெல்லிய செருப்பு. வண்டியின் வழக்கமான அதிர்வு எனக்கு நன்றாகத் தெரியும். அது வேறு. சிக்னலில் நின்றபோது குறைந்தது, கிளம்பியதும் கூடியது. சொன்னால் நிறுத்துவாய். நிறுத்தினால் இறங்கிப் பார்ப்பாய், இருபது நிமிடம் போகும். நான் கணக்குப் போட்டேன். திருவான்மியூர் வரட்டும், சொல்லலாம் என்று தள்ளினேன். திருவான்மியூர் வந்தது. பாலவாக்கம் போய்விடலாம் என்று தள்ளினேன்.

பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. நீ பிரேக் பிடித்தாய். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி இடமும் வலமுமாக நெளிந்தது. நான் உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பின்னால் வந்த பேருந்தின் ஹாரன் காதுக்குள் கேட்டது. நீ கைப்பிடியோடு போராடி வண்டியைச் சாலையின் நடுத்திட்டு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாய். பேருந்து என் முழங்கையை உரசுகிற தூரத்தில் போனது. வண்டியைக் காப்பதற்கென்று வாங்கிய கருப்புக் கட்டை நமக்கு முன்னால் உருண்டுபோய், அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கியது. நட்டைக் காணோம். போல்ட் பாதி வெளியே வந்திருந்தது.

நீ நடுத்திட்டில் உட்கார்ந்தாய். என்னைப் பார்த்துக் கேட்டாய்:

"ஏன் ரிப்போர்ட்டரே, கால்ல எதுனா தெர்ஞ்சிச்சா?"

"இல்லையே," என்றேன்.

முப்பது வருடத் தொழிலில் தெரிந்தே நான் சொன்ன பொய்கள் குறைவு. அதில் இது ஒன்று. நீ தலையாட்டினாய். படகு சாயங்காலம் பத்திரமாகத் திரும்பிவிட்டது. என் செய்தி ஆறு வரியாக வந்தது. அடுத்த வாரம் நீ மெக்கானிக்கிடம் விட்டு வேறு ஜோடி மாட்டிக்கொண்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். உன் மகள் பழைய போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டாள். எஞ்சினுக்கு அடியில் ஒன்றும் வைக்கவில்லை. பதினோரு மணிக்குத் தோழி ஒருத்தியைப் பார்க்க தி.நகர் போக வேண்டுமாம். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். காவலாளியிடம் ஒரு மரக்கட்டை வாங்கி முட்டுக்கொடுத்தேன். பழைய போல்ட்டைப் புது போல்ட்டே தள்ளிக்கொண்டு வரும்படி செருகச் சொன்னேன். தட்டாமல் நுழைந்தது. அளவு பார்த்து இறுக்கும் ரெஞ்சை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சரியான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்றது. லஸ் வரை ஒரு சுற்று போய்வரச் சொன்னேன். அவள் போய் வந்த பதினைந்து நிமிடமும் வாசலிலேயே நின்றேன். வந்ததும் மறுபடி ரெஞ்சைப் போட்டேன். நட்டு இன்னும் கொஞ்சம் திரும்பிய பிறகே 'டிக்' என்றது.

"எதுக்கு அங்கிள் இவ்ளோ பயப்படறீங்க?"

சொன்னேன். முட்டில்லாத எஞ்சின், சுத்தியல், பாலத்திலிருந்து பாதத்தில் தெரிந்த நடுக்கம், நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். பதினோரு வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். நிமிர்ந்தால், காப்பித் தட்டோடு உன் மனைவி படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அவருக்குத் தெரியும்ணே," என்றார்.

அன்றைக்கு ராத்திரியே நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். பாலத்திலிருந்து நான் வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்ததை வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாயாம். அவசரத்தில் துடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாயாம். நடுத்திட்டில் உட்கார்ந்த பிறகுதான் அது என்னவென்று உனக்குப் புரிந்திருக்கிறது. "கோவப்படலையான்னு கேட்டேன்," என்றார் உன் மனைவி. "அவன் வாயால சொல்ல மாட்டான், இனிமே அவன் காலப் பாத்து ஓட்டிக்கிறேன்னாருண்ணே. அத்தோட விட்டுட்டாரு."

உன் மகள் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் மனைவி தட்டைத் தரையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேனா என்று நேராகவே கேட்டார்.

இந்த முறை தள்ளிப்போடவில்லை. இந்தக் கட்டை வண்டியைக் காக்கும், சின்ன விழுதலில் காலைக் காக்கலாம், அதற்கு மேல் என்னால் உறுதி தர முடியாது, வேலையில் குறை வைக்கவில்லை, ஓட்டாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னேன்.

அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து நட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஓட்டட்டும்," என்றார் மகளைப் பார்க்காமல். "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க வந்து இதப் பாக்கணும். ஏதாவது தப்பாத் தெரிஞ்சா எங்கிட்ட சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன்.

பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் பத்து வருடம் உன் பின்னால் உட்கார்ந்து போனேன். எத்தனையோ முறை காரணமே இல்லாமல் ஓரங்கட்டுவாய். சாந்தோமில், அடையாறில், பாண்டி பஜாரில், செய்தி தலைபோகிற அவசரமாக இருக்கும்போதும். ஒரு டீ என்பாய். டயரில் காற்று பார்க்கணும் என்பாய். இறங்கி வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுவாய். உனக்கு வயதாகிறது என்று அலுவலகத்தில் உன்னைக் கேலி செய்திருக்கிறேன். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். அந்த ஒவ்வொரு முறையும் நான் காலை நகர்த்தி வைத்திருப்பேன், பெரும்பாலும் சும்மா, மரத்துப்போனதால். நீ ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை நிறுத்தினாய்.