வெயிட்டிங் ரூம் டிவியில் என் வீட்டுக்காரர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மகள் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, இவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்க" என்று அதே பல்லவி. காதுக் கருவி விற்கும் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இது தினப்படி பாட்டு. நான் வாதாடுவதே இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டையும் நீட்டுவதில்லை. நாற்காலியைக் கிட்டே போட்டுக்கொண்டு, நிதானமாக, "ஐயா, எங்க வீட்டுக்காரர் கதை ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பிப்பேன்.

பிரஸ் மெஷின் ஓடுகிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. காது கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய்விட்டது, ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருநாள் அவருடைய அக்கா போன் பண்ணி, கணவர் இறந்துவிட்டார் என்று கதறுகிறார். இவர் ஈயென்று இளித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்க்கா, ரொம்ப சந்தோஷம்" என்கிறார். இந்த இடத்தில் அவர் மாதிரியே தலையை ஆட்டிக் காட்டுவேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிடும். அப்போது கருவியை மேசைமேல் வைப்பேன்.

வாத்தியார் காதை நீட்டிவிட்டார்.

உண்மையில் என் வீட்டுக்காரர் சந்தோஷம் என்று ஒரு தடவைதான் சொன்னார். இளிக்கவும் இல்லை. அது நான் சேர்த்த மசாலா.

மார்ச் 7, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டு, "உங்க கதையை வீடியோ எடுத்து வெயிட்டிங் ரூம் டிவியில போட்டுடலாம் மேடம். மத்த பிராஞ்சு பிள்ளைங்களும் பாத்துக் கத்துக்கட்டும். சொந்தக் கதைக்கு இருக்கற மவுசே தனி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். கீழே பெரிய பெரிய எழுத்தில் வசனம் வரவேண்டும் என்று சொன்னதும் நான்தான். "நம்மகிட்ட வர்றவங்களுக்குக் காதா கேக்கும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பொய். சொன்னால் வேண்டாம் என்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

அந்தப் போனுக்கு அப்புறம் என் வீட்டுக்காரரும் ஒருவழியாகக் கருவி மாட்டிக்கொண்டார்; அதை நான்தான் சுத்தம் பண்ணிக் கொடுப்பேன். ஒரு வாரமாக நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். அவரே இன்று கடைக்கு வந்துவிட்டார். நான் டெஸ்ட் ரூமுக்குள். அதற்குள் இருந்தால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. கதவைத் திறந்து வந்தால் — முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கருவியைக் கவுண்ட்டரில் கழற்றிக் கொடுத்தாயிற்று. ஒன்றும் கேட்காமல், டிவியை அண்ணாந்து பார்த்தபடி, படித்துக்கொண்டிருக்கிறார்.

டிவியில் நான் தலையை ஆட்டுகிறேன். கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும்: "ரொம்ப சந்தோஷம்க்கா!" ஆச்சரியக்குறி வேறு.

சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஆள் இவர் தொடையைத் தட்டி, திரையைக் காட்டி, பார்த்தீர்களா என்கிற மாதிரி சிரித்தார். இவரும் பதிலுக்குச் சிரித்தார். ஐயோ, சிரிச்சாரே! யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு சிரிச்சு வெப்பாரே, அதே சிரிப்பு. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். கருவியைக் கூட வாங்கிக்கொள்ளவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருக்கு.

மார்ச் 19, புதன்

கருவியைச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

மார்ச் 22, சனி

வீடியோவை டிவியிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். "நல்லா ஓடிட்டிருக்கே மேடம்?" என்றார் மேனேஜர். எங்கள் கடையில் நிறுத்தியாயிற்று. மற்ற பிராஞ்சுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னும் எத்தனை பேர் தொடையைத் தட்டிச் சிரிப்பார்களோ.

இவர் கருவி போடாமலே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வருகிறார். முக்கு ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் என்ன கேட்கும்? வீடு திரும்பும்வரை வாசலையே எட்டி எட்டிப் பார்க்கிறேன். நாங்கள் பேசி நாலு நாள் ஆகிறது. இப்படியே பழகிவிடுவாரோ? இனிமேல் என் குரல் தேவையே இல்லை என்று முடிவு பண்ணிவிட்டாரோ?

இன்று எதிரே உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாய், "ஒரே ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன்.

"கடையில பேசற மாதிரி என்கிட்ட பேசாதே."

காதில் ஒன்றும் இல்லை, எப்படித் தெரிந்தது என்று விழித்தேன்.

"குரல் கேக்கலை. மூஞ்சியிலயே தெரியுது" என்றார்.

ஊரையெல்லாம் பேசிக் கவிழ்க்கிறவள், வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

மார்ச் 27, வியாழன்

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கு அக்கா அழுதது எனக்குக் கேட்டுச்சு."

என் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார்.

"வார்த்தைதான் புரியலை. அழறான்னு தெரிஞ்சுது. ரெண்டு தடவை என்னக்கான்னு கேட்டேன். மூணாவது தடவை கேக்க வெக்கமா இருந்துச்சு. சந்தோஷம் தாங்காமயும் அழுவாங்கல்ல... அப்படி இருந்துடட்டும்னு நெனச்சேன். சொல்லித் தொலைச்சுட்டேன்."

குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தபடி, "மூணாவது தடவை கேட்டா நீ பல்லைக் கடிப்பியே, அந்தப் பயம் வேற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கடிப்பேன். கடித்திருக்கிறேன். "எத்தனை தடவை சொல்றது, செவிடு மாதிரி" என்று வாய் கூசாமல் கத்தியிருக்கிறேன். எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொன்னேன்! அவர் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்து, நான் வருகிற இடத்தை மட்டும் அழகாக வெட்டிவிட்டேன். இதுக்குப் பேரு சொந்தக் கதையாம். த்தூ.

ஏப்ரல் 2, புதன்

தையல்காரம்மா ஒருத்தர். வயது நாற்பதுகூட இருக்காது. "இதை மாட்டிக்கிட்டா நாலு பேர் என்ன நெனைப்பாங்க" என்று கண் கலங்கினார். கூட வந்த கணவர், "சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்று சலித்துக்கொண்டார். பழைய கதை நாக்கு நுனியில்தான் இருந்தது, விழுங்கினேன்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்குக் காது சரியா கேக்காதுங்க. திருப்பிக் கேட்டப்பல்லாம் நான் எரிஞ்சு விழுந்தேன். அவர் கேக்கறதையே நிறுத்திட்டார். தப்பு என்மேலதான்." இவ்வளவுதான் வந்தது. தலையை ஆட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

அந்தம்மா வாங்கவில்லை, யோசித்து வருகிறேன் என்று எழுந்துவிட்டார். கணவர்தான் வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "இவகிட்ட நான் எப்படிப் பேசணும், அதைச் சொல்லுங்க" என்றார். சொல்லிக் கொடுத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பார்த்தால் மேசைமேல் கருவி இல்லை. அவர் காதில் இருக்கிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், முதுகைக் காட்டியபடி. குழாயைத் திறந்துவிட்டு, "என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று தெரிந்தே சொன்னேனா? அப்படித்தான் இருக்கும். எனக்கு அவ்வளவு துணிச்சல்தான்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லை."

எத்தனை வருஷமாக இந்த ஒண்ணுமில்லையைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கிறேன்! வழக்கமாக அதோடு விட்டுவிடுவார், ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு. இன்று பேப்பரை மடித்தார்.

"கேக்கலை. திருப்பிச் சொல்லு."

குழாயை மூடினேன். ஈரக் கையோடு திரும்பி நின்று சொன்னேன்.

"இன்னும் கேக்கலை" என்றார்.

மூன்றாவது தடவையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.