எழுதியதைப் படிக்க ஓர் ஆள்

அனுப்புநர்:
சபுரா பீவி, வயது 41,
க/பெ. சனாவுல்லா,
லைன் வீடு, அருள்புரம்,
பல்லடம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: அருள்புரத்தில் நின்றுபோன பிரெய்ல் எழுத்து வகுப்பைத் திரும்ப நடத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். கண்ணழுத்த நோயால் பார்வை முழுவதும் போய்விட்டது. அதன்பின், ஒரு தனியார் அறக்கட்டளை எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் நடத்திய பிரெய்ல் வகுப்பில் சேர்ந்தேன். மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து கற்றுக்கொடுத்தவர் ஜெபக்குமார் சார். அவருக்கும் பார்வை கிடையாது.

பலகையில் தாளை மாட்டி, வலமிருந்து இடமாக ஊசியால் குத்தி, பிறகு தாளைத் திருப்பித் தடவிப் படிக்க வேண்டும். மற்றவர்கள் இதற்குத் திணறினார்கள். பனியனை உள்பக்கமாகத் தைத்துத் திருப்பிப் பழகிய எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் 'இ'யும் 'ஏ'யும் ஒன்றையொன்று திருப்பிப் போட்ட புள்ளிகள். இன்றும் மாற்றிக் குத்திவிடுகிறேன். சார் தாளைத் தடவிக்கொண்டே வந்து, தப்பான இடத்தில் என் விரலைப் பிடித்து வைப்பார்.

என் கணவர் அயர்ன் மாஸ்டர். ஒரு சனிக்கிழமை, நான் எழுதி வைத்த வீட்டுப்பாடம் மேடு பள்ளமாக இருக்கிறதென்று, உதவியாக நினைத்துத் தேய்த்து வைத்துவிட்டார். மறுநாள் சார் தடவிப் பார்த்தார். ஓர் எழுத்தும் இல்லை. வீட்டுக்கு வந்து கோபமாகக் கேட்டேன். "அது எழுத்துன்னு எனக்குத் தெரியாது சபுரா. கசங்கிப் போச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. ஆனாலும் அன்று எனக்கு யாருமே இல்லாததுபோல் இருந்தது.

ஜூலையில் சாருக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அவர் போய்விட்டார். அறக்கட்டளையினர் வகுப்பை மூடி, ஆளுக்கொரு பேசும் செல்போன் கொடுத்து, இனி எழுத்து தேவைப்படாது என்றார்கள். கொடுத்ததற்கு நன்றி. ஆனால் லைன் வீட்டில் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றே. எனக்கு வரும் செய்தியைப் போன் சத்தமாகப் படிக்க, அது பக்கத்து வீட்டு அடுப்படிக்கும் சேர்த்தே வருகிறது. பேச்சுக்கு எங்கள் லைனில் பஞ்சமில்லை, ஐயா. எனக்கு வேண்டியது எழுத்து.

பகலில் எல்லோரும் வேலைக்குப் போனபின் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதை நானே தடவிப் படிக்கிறேன். சரியாகத்தான் படுகிறது. தப்பாக இருந்தாலும் எனக்குச் சரியாகத்தான் படும்.

ஆகவே, மாதம் ஒருமுறையாவது வகுப்பு நடக்க ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்து தரும்படி வேண்டுகிறேன். அதில் பார்வையுள்ள வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதும் என் கணவர், தானும் வருவதாகச் சொல்கிறார்.

ஆசிரியர் கிடைக்கத் தாமதமானால், பிரெய்ல் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவரின் முகவரியையாவது தெரிவியுங்கள். எழுதி அனுப்புகிறேன். அவர் என்னை நலம் விசாரிக்க வேண்டாம். இந்த இடத்தில் தப்பு என்று சொன்னால் போதும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சபுரா பீவி

இடம்: அருள்புரம்
நாள்: 17.11.2025

இணைப்பு: அடையாள அட்டை நகல்