டிபன் டப்பாவும் ஆறாவது பாட்டும்

6.5.2014, செவ்வாய்

மாவுக்கட்டு போட்டு ரெண்டாம் நாள். மைன்ஸில் நிலக்கரி ஓடுற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்னே பாதி ஆயுசு போச்சு, ஒரு கீறல் கிடையாது. முத்தாண்டிக்குப்பத்தில் பலாப்பழம் ஒண்ணு வாங்கி டிவிஎஸ் பின்னாடி கட்டினேன். வளைவில் அது ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் அது கூடவே போனேன். பழத்துக்கு ஒண்ணும் ஆகலை. இன்னிக்குச் சாப்பிட்டோம், நல்ல ருசி. முறிந்தது என் கால் மட்டும்.

ஆறு வாரம் எழுந்திரிக்கக் கூடாதாம். குவார்ட்டர்ஸில் இருப்பது ரெண்டு அறை. என் கட்டில் முன் அறையில். மகள் ஆனியின் ஸ்பீக்கரும் முன் அறையில்.

மத்தியானம் ரெண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. எழுந்திரிக்கப் பார்த்தேன். சம்சாரம் மரியசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்கங்க கிளம்பிட்டீங்க, தொரை?" என்றாள். கால்தான் கிளம்புது, நான் என்ன பண்ண?

8.5.2014, வியாழன்

ஆனியோட ராக் குழுவுக்குப் பேர் 'பழுப்பு'. நம்ம ஊர் நிலக்கரியின் நிறமாம். "துவைக்காத வேட்டிக்கு வெச்ச பேரு" என்பாள் அவள் அம்மா. ஆனி பாட்டு, ஆரோன் கிடார், நெடுமாறன் டிரம்ஸ். பிப்ரவரியில் டவுன்ஷிப் ஹாலில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவு பண்ணி வைத்திருக்கிறார்கள். அதை லைவ் ஆல்பமாகப் போடப் போகிறார்களாம். எட்டுப் பாட்டு. அந்த சி.டி. என் தலைமாட்டில்.

இன்னிக்கு டீயைக் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, முழுசாக் கேளு. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு சொல்லு."

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு."

"நீ இன்னும் போடவே இல்லியேப்பா."

மாட்டிக்கினேன்.

அடுத்து விஷயத்துக்கு வந்தாள். சென்னைக் கம்பெனி வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, ஜூன் முடிவதற்குள் சேரணும். "நீ தேறாதுன்னு சொல்லிட்டா நான் வேலைக்குப் போயிடறேன். பாட்டை விட்டுடறேன். அழ மாட்டேன்பா."

ஏம்மா, கணக்குல பார்டர்ல பாஸ் பண்ணவன்கிட்டயா வந்து ரிசல்ட் கேக்குற?

11.5.2014, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்கும் போக முடியவில்லை. சி.டி.யைப் போட்டுக் கேட்டேன்.

முதல் பாட்டில் நெடுமாறன் அடிக்கிற அடி, பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிற மாதிரி. ரெண்டாவது எப்போ முடிஞ்சு மூணாவது எப்போ ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியலை. நாலாவதில் ஆரோன் தனியா வாசிக்கிறான். எடுத்த கிடாரைக் கீழே வைக்க மனசே இல்லை. கால் நல்லா இருந்திருந்தா பூத்துக்குப் போய்ப் பால் வாங்கி வந்திருப்பேன், அவன் அதே இடத்திலேயே வாசிச்சுக்கினு இருந்திருப்பான்.

ஆனி குரல்? சுத்தமா இருக்கு. தப்பே இல்லை. ஆனா கதவுக்குப் பின்னாடி நின்னு பாடுகிற மாதிரி இருக்கு. பள்ளி ஆண்டு விழாவில் சோப்பு டப்பா பரிசு வாங்கினாளே, அதே குரல். ராக்னா இப்படித்தானா? யாரைக் கேட்பது?

அஞ்சாவதோடு நிறுத்திவிட்டேன். ஆறாவதில் என் மானம் போன கதை இருக்கு.

மரியசெல்வி காதோடு வந்து, "நல்லால்லன்னு சொல்லிடுங்க. புள்ள ஒரு வழிக்கு வரும்" என்றாள்.

எனக்கும் அவள் அந்த வேலைக்குப் போகணும்னுதான் ஆசை. அப்படியிருக்க, எனக்குக் குறை மட்டுமே கேட்குதுன்னா, கேட்கிறது காதா, ஆசையா?

13.5.2014, செவ்வாய்

சங்கு. எழுந்தேன். சுவர் காப்பாற்றியது.

15.5.2014, வியாழன்

வேலுமணி ஒரு பொட்டலம் பலாச்சுளையோடு பார்க்க வந்தான். என் கூட பெல்ட்டில் நிற்பவன். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா படுத்துக்கினு யோசிக்கிற? சூப்பர்னு சொல்லிட்டுப் போ. என் பொண்ணு போடுற கோலத்தை இன்னிக்கு வரைக்கும் நான் குனிஞ்சு பார்த்ததே இல்ல. தினம் சூப்பர்தான்."

"இது கோலமில்லடா. வேலையை விடுவாளா இல்லியான்னு..."

"அப்ப கேவலம்னு சொல்லு."

"அப்படி ஒரேயடியாக் கேவலமும் இல்ல."

"அப்ப வாயை மூடிக்கினு பலாப்பழம் தின்னு." ரெண்டு சுளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் ஆரோன் வந்தான். ஆறாவது பாட்டை வெட்டிவிடலாம் என்கிறான். "சங்குச் சத்தம் விழுந்துடுச்சு அங்கிள். நாற்காலி இழுக்குற சத்தம் வேற. ஒரே நாராசம்."

உண்மைதான். ஆனா அன்னிக்குக் கச்சேரியில் தப்பு யாரோடது? சங்குக்கு முன்னாடியே முடிக்கிற மாதிரிதான் பிள்ளைகள் கணக்குப் போட்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சால்வை போட்டு, போட்டவர்களுக்கும் சால்வை போட்டு, சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆறாவது பாட்டு நடுவில் சங்கு. பாதி ஹால் எழுந்துவிட்டது. இந்த ஊரில் சங்கு ஊதினா முதலில் எழுந்திரிப்போம், அப்புறம்தான் எதுக்குன்னு யோசிப்போம். நானும் எழுந்தேன். முதல் வரிசை, நட்ட நடுவில்.

வெட்டலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஆனி என்னைப் பார்த்தாள்.

19.5.2014, திங்கள்

வீட்டில் யாரும் இல்லை. ஆறாவதைப் போட்டேன்.

சங்கு. நாற்காலிகள் கரகரன்னு இழுபடுது. நடுவில் மைக்கில் ஆனி குரல்: "அப்பா... டிபன் டப்பா!" ஹாலே சிரிக்குது. ரெண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிய அவசரத்தில் மறந்த டப்பாவைக் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினவன் நான். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நடந்தபோது நான் ஷிப்டு பஸ்ஸில்.

கொஞ்ச நேரம் டிரம்ஸ் மட்டும். பிறகு பாடுறா.

யாரு இது?

கதவு திறந்துகிச்சு. ஒரு இடத்தில் குரல் உடையுது. நிறுத்தலை, உடைஞ்ச குரலோடயே மேலே ஏறுறா. எனக்குக் கையில் மயிர் சிலிர்த்து நின்னுச்சு. ஏழாவதும் அப்படித்தான். எட்டாவதும். ஆரோன்கூட அடக்கமா வாசிக்கிறான். மிச்சம் இருந்த கொஞ்சம் பேர் தட்டுகிற கைத்தட்டு, ஹால் நிறைந்திருந்தபோது கூட அப்படிக் கேட்கலை.

மறுபடி அஞ்சாவது. மறுபடி ஆறாவது. என்ன மாறிச்சு? அதே பாட்டுக்காரி, அதே மைக். எழுந்து போனது யாரு? பாதிப் பேர். அதில் ஒருத்தன், முதல் வரிசையில் கையைக் கட்டிக்கினு, எங்க தப்பு விட்டுடுவாளோன்னு அவ வாயையே பார்த்துக்கினு இருந்தவன்.

இப்போ இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. சொன்னா வேலை போச்சு. கட்டிலை விட்டு இறங்கி எங்கயாவது ஓடிடலாம்னா காலும் இல்லை.

20.5.2014, புதன் இல்லை, செவ்வாய்

சொல்லிட்டேன்.

"ஆல்பத்துல குறை ஒண்ணே ஒண்ணுதாம்மா. அது முதல் வரிசைல நடுவுல உக்காந்திருக்கு."

ஆனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தது. "அப்படில்லாம் இல்லப்பா" என்று ரொம்ப சீக்கிரம் சொன்னாள். அப்புறம், "நீ திட்டவே மாட்ட. ஆனா சுருதி விலகினா உன் மூஞ்சி சுருங்கும். அதைப் பார்த்துக்கினே பாடுவேன்" என்றாள்.

"இப்ப சுருங்கலியே."

"இப்ப மாவுக்கட்டு அரிப்புல எப்பவுமே சுருங்கித்தான இருக்கு."

ரெண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"அப்ப தேறுமாப்பா?"

"ஆறு, ஏழு, எட்டு தேறும். முதல் அஞ்சும் எனக்காகப் பாடுனது. அதுக்கு மார்க் போட நான் யாரு? ஆறாவதை மட்டும் வெட்டாத."

"டிபன் டப்பா?"

"அதையும்."

"அப்ப வேலைக்குப் போகவா, வேணாமா?"

"அதை என்னைக் கேக்காத. கேட்டா மூஞ்சி சுருங்கும்."

28.5.2014, புதன்

கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிற வேலை, மிச்ச நேரம் குழு. மரியசெல்வி என்னோடு பேசுவதில்லை. டம்ளர் பேசுகிறது. இன்னிக்கு அதை வைத்த வேகத்தில் டீ பாதி கட்டுமேலே.

"ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேனே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நானும் சுவரையே பார்த்தேன். வேறெங்கே பார்க்க?

14.6.2014, சனி

ஆனி புதுச்சேரிக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக முடியவில்லை, ஜன்னல் வரைக்கும்தான். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் சதுரமாய்த் தூசி. முன் அறை பெரிசாகிவிட்டது. 

17.6.2014, செவ்வாய்

கட்டு பிரித்தார்கள். உள்ளே வாழைத்தண்டு ஒண்ணு இருந்தது. என் காலாம்.

6.7.2014, ஞாயிறு

வேலைக்குத் திரும்பி முதல் வார லீவு. புதுச்சேரியில் இன்னிக்கு ஆல்பம் வெளியீடு, கச்சேரி. மரியசெல்வி காலையிலேயே பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

"பஸ் எத்தினி மணிக்குங்க?"

"நான் வரல."

"கால் வலியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

 சண்டை வருமென்று தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப நான் போறேன். என் மூஞ்சி சுருங்காது" என்று சொல்லி, வடலூர் போய் பஸ் ஏறிவிட்டாள்.

பகல் முழுக்க முன் அறைக்கும் பின் அறைக்கும் நடந்தேன். சங்கு ஊதியபோது வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

பொழுது சாய்ந்து ஆனி போன் பண்ணினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பாடினியா?"

"பாடுனேன்பா. பின்னால நம்ம ஊரு ஆளு ஒருத்தன், டிபன் டப்பா பாட்டைப் பாடுன்னு கத்தினான். ஹால் மொத்தமும் கத்துச்சு. ரெண்டு தடவ பாடுனோம்."

"அம்மா?"

"முதல் வரிசைல நடுவுல உக்காந்து மூக்கைச் சிந்திக்கினு இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல." யாரிடமோ 'வரேன் இரு' என்றுவிட்டுத் தொடர்ந்தாள். "அடுத்த தடவ நீயும் வா. கடைசி வரிசைல உக்காரு."

"கதவோரமா உக்காந்துக்கறேன்" என்றேன்.

நாளைக்கு ரெண்டாம் ஷிப்டு. மரியசெல்வி வர நேரமாகும். டிபன் டப்பாவை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.