ஹீட்டர் வேண்டாம் என்றீர்

நண்பரே,

நேற்று, திங்கட்கிழமை, நம் தீவின் ஹேடோ துறைமுகத்திலிருந்து வண்டிக்கான மூன்றாவது பெட்டியை எடுத்துவந்தேன். மூடியைத் திறந்ததும் எண்ணெய்க் காகிதத்தின் வாடை எழுந்தது. முதல் இரண்டு பெட்டிகளையும் திறந்தபோது நீர் குனிந்து அந்த வாடையை முகர்ந்த பிறகுதான் உள்ளே இருப்பதைப் பார்த்தீர். இம்முறை நான் முகர்ந்தேன். நீர் போய் நேற்றோடு நாற்பத்தொரு நாள்.

நாம் இருவரும் பாதிப் பாதியாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் புரோத்ராபூர்க் கொட்டகையில் நேற்றுவரை அப்படியே நின்றது. பின்பக்கம் எஞ்சின், தண்ணீரே கேட்காமல் விசிறிக் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். படகு எஞ்சின்களோடு ஆயுளைக் கழித்த உமக்கு அது தீராத வியப்பு. சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை அந்த எஞ்சினைச் சரிசெய்து பூட்டி முடித்தீர். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மட்டும் மிஞ்சியது. பழையதை உப்புக் காற்று தின்றிருந்தது.

அந்த வண்டியின் எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றி ஹீட்டர் பெட்டிகள் உண்டு. குழாயின் சூட்டை வாங்கி உட்காருமிடத்துக்கு அனுப்புபவை. கையேட்டில் உள்ளபடியே அவையும் வேண்டும் என்றேன். நீர் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி கேட்டீர்: "இந்த ஊர்ல எவனுக்குவே குளிருது?"

ஜனவரி இரண்டாம் வாரம் வந்த முதல் பெட்டியில் வெறும் குழாய்கள் இருந்தன. அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பினேன். மார்ச் கடைசியில் வந்ததில் ஹீட்டர் இருந்தது. ஆனால் போல்ட் துளை இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. "டிரில் போட்டா அரை மணி நேர வேலை. சல்தா ஹை" என்றீர். முப்பத்துநான்கு ஆண்டு அரசாங்க ஸ்டோரில் 'இது போதும், ஓடும்' என்கிற அந்தச் 'சல்தா ஹை'யோடுதான் மல்லுக்கட்டினேன் என்று சொல்லி அதையும் மெயின்லாண்டுக்குத் திருப்பினேன். நீர் சிரித்தீர், சிரிப்பு இருமலில் முடிந்தது. எல்லாவற்றுக்கும் தேதி குறிக்கும் நான் அந்த இருமலுக்குக் குறிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை கேட்டீர். "ஸ்டார்ட் ஆகுற சத்தத்த ஒரு தடவ கேட்டாப் போதும். எதையாவது மாட்டும்வே." மூன்றாவது பெட்டி சென்னையில் கப்பலுக்குக் காத்திருக்கிறது, வந்துவிடும் என்றேன். அதில் பொய் இல்லை. நீர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்.

இன்று காலை உம் மகள் ஸ்டெல்லா ஒரு சாக்குப்பையோடு வந்தாள். உள்ளே ஹீட்டர் பெட்டி இல்லாத எவர்சில்வர் குழாய்கள், படகுக் குழாயை வளைத்து நீர் பற்றவைத்தவை. விசிறியிலிருந்து ஹீட்டருக்குக் காற்றுப் போகும் இரண்டு வாய்களுக்கும் மூடிகூடச் செய்திருந்தீர். போல்ட் துளைகளை அளந்தேன். மயிரிழை பிசகவில்லை.

"மே மாசமே அப்பா முடிச்சிட்டாங்க அங்கிள். நீங்க சரின்னு சொல்லாம மாட்டக்கூடாதுன்னுட்டாங்க. பாதி வண்டி உங்களோடதாம்."

 ஹீட்டரோடு வந்த மூன்றாவது பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, உமது குழாய்களை மாட்டினேன். பிற்பகல் மூன்று பத்துக்கு எஞ்சின் இரண்டாவது முயற்சியில் எழுந்தது. ஸ்டெல்லா வண்டியின் பின்னால், நீர் வழக்கமாக நிற்குமிடத்தில் நின்றுகொண்டாள். சத்தம் கொஞ்சம் அதிகம். படகுச் சாயல் இருக்கிறது. அதைக் குறைக்க நான் எதுவும் செய்யப்போவதில்லை.

இருக்கைகளுக்கு நடுவே ஹீட்டரின் நெம்புகோல் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றவில்லை. அதன் கம்பி இப்போது எதனோடும் இணைந்திருக்கவில்லை. இன்று வண்டியை வெளியே எடுக்குமுன் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். தடையில்லாமல் கையோடு வந்தது. இனி ஒவ்வொரு முறையும் இழுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். எவனுக்குவே குளிருது என்று நீர் கேட்க வேண்டும்.