பள்ளத்தைப் பார்த்து

என் அன்புக்குரியவளே,

உன் தங்கை வீட்டிலாவது உனக்குத் தூக்கம் வருகிறதா? இங்கே பள்ளத்தாக்கில் இறங்கும் அக்டோபர் சவாரிக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாருக்கு எந்தக் கோவேறு கழுதை என்று நானும் வெர்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். முன்னால் போகும் ரூபியை அவனுக்கே கொடுத்துவிட்டேன். நான் கடைசியில் வருகிறேன்.

சவாரிக்கு வருபவர்களை எடைபோடும் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே ஏறி நின்றேன். "என்ன முதலாளி, உங்க சேணமே உங்கள விட கனமா இருக்கும் போல!" என்று சிரித்த வெர்ன், முள்ளைப் பார்த்ததும் என் சேணத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனான்.

நேற்று விவரம் கேட்க வந்த ஒரு பெண், பாறை விளிம்பில் நிற்கும்போது கழுதைகளை ஏன் பள்ளத்தைப் பார்த்துத் திருப்புகிறோம் என்றாள்.

"பள்ளம் கண்ணுக்குத் தெரிஞ்சா அதுங்க பதறாதும்மா. முதுகக் காட்டி நின்னாதான் தெரியாம பின்னால கால வச்சிடும்."

சொல்லிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன். மருத்துவர் என் நோயைப் பற்றிப் பேசப் பேச நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாய். நான் குறை சொல்லவில்லை.

உன் கழுதை மோலியை யாருக்கும் ஒதுக்கவில்லை. அவள் எனக்கு முன்னால் நடப்பாள். நிற்கும் இடத்தில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்துவோம். நீ எதுவும் பேச வேண்டாம். என்னோடு சேர்ந்து ஒரு தடவை கீழே பார், போதும்.

இப்படிக்கு,
கடைசியில் வரும் உன் கிழவன்